ஏழெட்டு எத்தனை, எந்த மொழியில்?

தமிழில் கற்ற கணக்கை மலாயில் எழுதச் சொன்னால் பிள்ளையின் நினைவில் என்ன நடக்கிறது? பினாங்குத் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் கடந்துவரும் பாதையையும், மொழி மாற்றம் பற்றி ஆய்வகங்கள் கண்டறிந்தவற்றையும் சேர்த்துப் பார்க்கும் சிறப்புக் கட்டுரை.

பினாங்கில் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். தாத்தா, அப்பா, அக்கா, தம்பி நால்வரையும் உட்காரவைத்து ஏழையும் எட்டையும் பெருக்கச் சொன்னால், நால்வரும் ஐம்பத்தாறு என்றுதான் சொல்வார்கள். மனத்துக்குள் அந்த விடை ஒலிக்கும் மொழி மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. 1945 வாக்கில் பிறந்து ஜார்ஜ்டவுனின் ஆங்கிலப் பள்ளியில் படித்த தாத்தாவுக்கு அது ‘செவன் எய்ட்ஸ் ஆர் ஃபிஃப்டி சிக்ஸ்’. 1977இல் தேசியப் பள்ளியில் சேர்ந்த அப்பாவுக்கு ‘துஜூ காலி லாப்பான், லீமா பூலூ எனாம்’. 2003இல் சேர்ந்த அக்கா தமிழ்ப்பள்ளி மாணவிதான். ஆனாலும் கணக்கை ஆங்கிலத்தில் கற்றவள். 2015இல் அதே பள்ளிக்குப் போன தம்பிதான் ‘ஏழெட்டு ஐம்பத்தாறு’ என்று தமிழில் ஒப்புவித்தான்.

குடும்பம் கற்பனை. ஆண்டுகள் கற்பனையல்ல. மலேசியாவில் ஆங்கிலப் பள்ளிகள் 1970இல் முதலாம் வகுப்பிலிருந்து தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய்க்கு மாறின. 2003 ஜனவரியில், மகாதீர் முகமது பிரதமராக இருந்தபோது, அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்குப் போயின. தேசியப் பள்ளி, சீனப்பள்ளி, தமிழ்ப்பள்ளி எதுவும் இதற்கு விலக்கில்லை. 2009 ஜூலை 8 அன்று அப்போதைய துணைப் பிரதமரும் கல்வியமைச்சருமான முகைதீன் யாசின் அந்தத் திட்டம் கைவிடப்படுவதாக அறிவித்தார். 2012 முதல் படிப்படியாகத் தமிழ்ப்பள்ளிகளில் கணிதம் மீண்டும் தமிழுக்கு வரும் என்பது முடிவு. 2016இல் இருமொழித் திட்டம் வந்தது. தேர்வான பள்ளிகள் பெற்றோர் சம்மதத்துடன் இவ்விரு பாடங்களையும் ஆங்கிலத்தில் நடத்த அது இடம் கொடுத்தது. அதைத் தமிழ்ப்பள்ளிகளுக்குள் கொண்டுவரலாமா என்று தமிழ் அமைப்புகளுக்கும் பெற்றோர்களுக்கும் இடையே கடும் வாதம் நடந்தது.

இந்த வாதங்களில் தமிழின் எதிர்காலமும் ஆங்கிலத்தின் வேலைச் சந்தையும் தேசிய ஒற்றுமையும் நிறையப் பேசப்பட்டன. ஒரு மொழியில் கற்றதை இன்னொரு மொழியில் நினைவுக்குக் கொண்டுவரப் பிள்ளையின் மூளை என்ன விலை கொடுக்கிறது என்பது மிகக் குறைவாகவே பேசப்பட்டது.

தெருவில் நடக்கும் மாற்றம்

மொழி மாற்றத்துக்கு அஞ்சும் ஊரல்ல பினாங்கு. லெபோ பாசாரிலோ பினாங்கு ஸ்திரீட்டிலோ ஒரு துணிக்கடையில் சிறிது நேரம் நின்றால் போதும். முதலாளியிடம் தமிழ், வாடிக்கையாளரிடம் மலாய், பக்கத்துக் கடைக்காரரிடம் ஹொக்கியன், சுற்றுலாப் பயணியிடம் ஆங்கிலம் என்று ஒரே ஆள் மாறி மாறிப் பேசுவதைக் கேட்கலாம். இடைநிலைப் பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், “சிக்கு ஹோம்வொர்க் குடுத்தாங்க, நாளைக்கு ஹந்தார் பண்ணணும்” என்று ஒரே வாக்கியத்துக்குள் மூன்று மொழிகளை நிறுத்திவிடுகிறார்கள். கேட்கிற பெரியவர்களுக்கு முகம் சுளிக்கும். இப்படிக் கலந்து பேசினால் எந்த மொழியும் உருப்படாது, படிப்பும் மண்டையில் ஏறாது என்பது பல வீடுகளில் கேட்கும் கண்டிப்பு.

மொழி உணர்வு சார்ந்த கவலை ஒரு பக்கம் இருக்கட்டும். நினைவாற்றலைப் பொறுத்தவரை இந்தக் கண்டிப்பு தவறான இடத்தைத் தாக்குகிறது என்றே ஆய்வுகள் சொல்கின்றன.

மாறும்போது மூளைக்குக் கூடுதல் வேலை இருப்பது உண்மைதான். 1999இல் ரெனாட்டா மியூட்டர், ஆலன் ஆல்போர்ட் ஆகிய இருவரும் வெளியிட்ட சோதனை இத்துறையில் புகழ்பெற்றது. திரையில் ஓர் எண் தோன்றும்; பின்னணி நிறத்தைப் பார்த்து அதை எந்த மொழியில் சொல்ல வேண்டுமோ அந்த மொழியில் சொல்ல வேண்டும். மொழி மாறிய ஒவ்வொரு முறையும் பதில் சற்றே தாமதித்தது. வியப்பு என்னவென்றால், பலவீனமான மொழிக்கு மாறுவதைவிட, நன்றாகத் தெரிந்த மொழிக்குத் திரும்புவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. பலவீனமான மொழியில் பேசும்போது வலுவான மொழி குறுக்கே வராதபடி மூளை அதை இறுக்கி அடக்கி வைக்கிறது. அந்தப் பிடியைத் தளர்த்தி மறுபடி எழுப்ப நேரம் எடுக்கிறது. வகுப்பில் மலாயில் திணறிப் பேசிவிட்டு உட்கார்ந்த பிள்ளையிடம் உடனே தமிழில் ஒன்று கேட்டால் அது ஒரு கணம் விழிப்பதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம்.

இந்தத் தாமதம் நொடியின் சிறு பகுதிதான். அதுவும் பிறர் கட்டளைக்கு மாறும்போது வருவது. டேனியல் கிளைன்மன், தமார் கோலன் இருவரும் கலிபோர்னியாவில் செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு படத்துக்கும் எளிதாக வாயில் வருகிற மொழி எதுவோ அதையே எப்போதும் பயன்படுத்தலாம் என்று விட்டபோது, மொழி மாற்றத்துக்கான தாமதம் மறைந்துபோனது. துணிக்கடைக்காரர் களைப்பில்லாமல் நான்கு மொழிகளில் வியாபாரம் செய்வதை இது விளக்குகிறது. அவர் மொழியைத் தேர்வது தன் வசதிக்காக. தேர்வு மேசையில் உட்காரும் மாணவருக்கு அந்த வசதி இல்லை.

நினைவில் எது மொழியோடு ஒட்டுகிறது?

ஒன்றைக் கற்கும்போது சூழ இருந்தவையும் அதோடு சேர்ந்து நினைவில் பதிகின்றன. 1975இல் டங்கன் காடன், ஆலன் பேட்லி இருவரும் முக்குளிப்போரைக் கொண்டு இதைக் காட்டினார்கள். நீருக்கடியில் கேட்ட சொற்கள் கரையில் இருக்கும்போது வந்ததைவிட நீருக்கடியில் இருக்கும்போதே அதிகமாக நினைவுக்கு வந்தன. மொழியும் அப்படிப்பட்ட ஒரு சூழல்தான்.

ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்களிடம் சாதாரணச் சொற்களைச் சொல்லி வாழ்க்கை நிகழ்ச்சிகளை நினைவுகூரச் சொன்னார்கள் வியோரிகா மரியனும் உல்ரிக் நைசரும். 2000இல் வெளியான அந்த ஆய்வில், ரஷ்ய மொழியில் கேட்டபோது ரஷ்ய மொழி புழங்கிய நாட்களின் நிகழ்ச்சிகள் கூடுதலாக வந்தன. ஆங்கிலத்தில் கேட்டபோது ஆங்கிலம் புழங்கிய நாட்கள் கூடுதலாக வந்தன. மரியன் பிறகு கெய்ட்லின் ஃபாசியுடன் சேர்ந்து பாட விஷயங்களுக்கும் இதைச் சோதித்தார். ஸ்பானிஷும் ஆங்கிலமும் அறிந்தவர்களுக்கு வேதியியல், உயிரியல், வரலாறு, புராணம் போன்றவற்றில் தகவல்களைச் சொல்லிக் கேள்வி கேட்டார்கள். கற்ற மொழியிலேயே கேட்டபோது விடைகள் மேம்பட்டிருந்தன.

தமிழ்ப்பள்ளிப் பெற்றோருக்கு மிக நெருக்கமான ஆய்வு எலிசபெத் ஸ்பெல்கியும் சன்னா சிவ்கினும் 2001இல் வெளியிட்டது. ரஷ்யமும் ஆங்கிலமும் அறிந்தவர்களுக்குச் சில கணக்குகளை ஒரு மொழியிலும் வேறு சிலவற்றை மற்ற மொழியிலும் பயிற்றுவித்தார்கள். துல்லியமான விடை வேண்டிய கணக்குகளில், பயின்ற மொழியில் கேட்டால் விடை விரைவாக வந்தது. மற்ற மொழியில் கேட்டால் தாமதித்தது. தோராயமான மதிப்பீட்டில் இந்த வேறுபாடு இல்லை. எந்த மொழியில் கேட்டாலும் ஒன்றுதான். ஜெர்மனும் பிரெஞ்சும் கற்கும் மாணவர்களிடம் ஹென்ரிக் சால்பாக் குழுவினர் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்விலும், கணக்கைக் கற்ற மொழி ஒன்றாகவும் செய்யச் சொன்ன மொழி வேறாகவும் இருந்தபோது கூடுதல் நேரம் பிடித்தது.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு பிரிவினை தெரிகிறது. ஒரு கூடையில் ஏறக்குறைய எத்தனை மங்குஸ்தீன் இருக்கும் என்ற அளவறிவு மொழிகளைத் தாண்டி நிற்கிறது. பின்னம் என்றால் என்ன, ஒளிச்சேர்க்கை எப்படி நடக்கிறது என்ற புரிதலும், ஒருமுறை வேரூன்றிவிட்டால், புதிய மொழியில் புதிய பெயர்களை ஏற்றுக்கொள்ளக்கூடியது. ஆனால் வாய்ப்பாடு, சூத்திரம், வரையறை, கலைச்சொல் ஆகியவை கற்ற மொழியின் ஒலியோடு பின்னிக்கிடக்கின்றன. தமிழகத் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை உரக்கச் சொல்லிச் சொல்லி மனத்தில் ஏற்றினார்கள். கேட்டதும் விடை நாக்கில் வந்து நிற்க அந்த ஒலியே துணை. ஒலியை மாற்றினால் விடை அழிந்துவிடுவதில்லை. அதை எட்டும் வழிதான் சுற்றுவழியாகிறது. மலாயில் கேட்ட கேள்வியைத் தமிழுக்குக் கொண்டுவந்து, தமிழில் விடை கண்டு, மறுபடி மலாயில் சொல்ல வேண்டும். கணக்கைப் போட வேண்டிய கவனத்தில் ஒரு பங்கு இந்தப் போக்குவரத்துக்கே செலவாகிவிடுகிறது.

ஒரு நாடு செய்த சோதனை

2003 முதல் நடந்த ஆங்கில மாற்றம், இந்த ஆய்வக முடிவுகளை ஒரு தேசத்தின் வகுப்பறைகளில் பார்ப்பது போன்றது. ஆசிரியர்களுக்கு மடிக்கணினி வந்தது, வகுப்பறைக்கு ஒளிப்படக்காட்டி வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அனைத்துலகக் கணித, அறிவியல் ஒப்பீட்டுத் தேர்வான ‘டிம்ஸ்’ முடிவுகள் அதிர்ச்சி தந்தன. மலேசியாவின் இரண்டாம் படிவ மாணவர்கள் 2003இல் கணிதத்தில் 508 புள்ளிகள் பெற்றிருந்தார்கள். 2007இல் அது 474 ஆனது. அறிவியலில் 510 புள்ளிகள் 471 ஆயின.

அந்த 2007ஆம் ஆண்டு மாணவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். அவர்கள் 2000இல் முதலாம் ஆண்டு சேர்ந்தவர்கள். ஆறு ஆண்டுகள் மலாயிலோ சீனத்திலோ தமிழிலோ கணக்குக் கற்று, 2006இல் முதலாம் படிவத்தில் திடீரென ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டவர்கள். புள்ளிகள் சரிந்ததற்கு மொழி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆசிரியர் பயிற்சி, பாடத்திட்டம், தேர்வு முறை எல்லாவற்றுக்கும் பங்குண்டு. ஆயினும் கற்ற மொழியையும் கேட்கப்படும் மொழியையும் நடுவழியில் பிரித்துவைத்த தலைமுறை அது என்பதை மறக்கக் கூடாது.

திட்டத்தைக் கைவிடும்போது கல்வி அமைச்சு சொன்ன காரணங்களில் ஒன்று கவனத்துக்குரியது. 2008இல் நடந்த கண்காணிப்பில், ஆசிரியர்கள் பாடவேளையில் 53 முதல் 58 விழுக்காடு வரையே ஆங்கிலத்தைப் பயன்படுத்தியது தெரியவந்தது. மீதி நேரம் அவர்கள் பிள்ளைகளுக்குப் புரிகிற மொழிக்குத் திரும்பியிருந்தார்கள். அமைச்சு இதைக் குறையாகப் பதிவு செய்தது. ஆங்கிலத்தில் தடுமாறிய ஆசிரியர்கள் இருந்தது உண்மையே. ஆனால் பாடம் புரியாமல் விழிக்கும் முகங்களைப் பார்த்து மொழி மாற்றிய ஆசிரியரும் இந்தக் கணக்குக்குள் இருக்கிறார். அவர் செய்தது பாடத்தைக் காப்பாற்றும் வேலை.

சீனப்பள்ளிகள் அக்காலத்தில் ஒரு சமரசத்துக்கு வந்து கணிதத்தைச் சீனம், ஆங்கிலம் இரண்டிலும் நடத்தின. அங்கே ஆசிரியர்கள் பட்ட இக்கட்டைப் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கணிதக் கல்வி ஆய்வாளர் லிம் சாப் சாம், நோர்மா பிரெஸ்மெக்குடன் சேர்ந்து ஆராய்ந்து 2011இல் எழுதினார். அப்பல்கலைக்கழகம் இருக்கும் குளுகோரில்தான் தென்கிழக்காசிய நாடுகளின் அறிவியல், கணிதக் கல்விக்கான வட்டார மையமும் 1967 முதல் இயங்குகிறது. சுப்பிரமணிய பாரதி தமிழ்ப்பள்ளியும் அதே குளுகோரில் இருக்கிறது. ஆய்வு செய்பவர்களும் ஆய்வின் பலன் போய்ச்சேர வேண்டியவர்களும் இவ்வளவு பக்கத்தில் இருப்பது அரிது.

கலப்பது குற்றமா?

ஒரு பாடத்துக்கு ஒரே மொழி, கலக்கவே கூடாது என்பது உலகெங்கும் பள்ளிகள் பின்பற்றும் எழுதப்படாத விதி. பாஸ்க் நாட்டில் எனெகோ அந்தோன், கியோம் தியரி, ஹோன் அந்தோனி துன்யாபெய்தியா மூவரும் அதைச் சோதித்தார்கள். பாஸ்க், ஸ்பானிஷ் இரண்டையும் நன்கறிந்தவர்களில் ஒரு சாராருக்குப் புதிய பொருள்களைப் பற்றி ஒரே மொழியிலும், மற்றவர்களுக்கு இரு மொழிகளைக் கலந்தும் கற்பித்தார்கள். 2015இல் வெளியான முடிவின்படி கலந்து கற்றவர்களுக்கு எந்த இழப்பும் இல்லை. அடுத்த ஆண்டு பள்ளிப் பிள்ளைகளிடமும் பார்த்துவிட்டு, மொழிக் கலப்பின் மீதான தடையை விலக்குங்கள் என்றே கேட்டுக்கொண்டார்கள்.

நம்மவர் ஒருவர் இதை முன்பே கவனித்திருந்தார். இன்று உலகளவில் அறியப்பட்ட மொழியியலாளர் சுரேஷ் கனகராஜா, யாழ்ப்பாணத்து ஆங்கில வகுப்பறைகளைப் பார்த்து 1995இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஆங்கிலப் பாடத்தின் நடுவே ஆசிரியர்கள் தமிழுக்கு மாறினார்கள். அந்த மாற்றங்களை அவர் வகைப்படுத்தினார். பாராட்ட, கண்டிக்க, கட்டளை புரியாதபோது விளக்க, ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்ல, பாடத்தைப் பிள்ளைகளின் வாழ்க்கையோடு பொருத்திக் காட்ட என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. சோம்பலால் வந்த கலப்பு என்று தள்ளிவிட முடியாத ஒழுங்கு அதில் இருந்தது.

இதே ஆய்வுகளை வைத்து, பல மொழி தெரிந்தால் பிள்ளை மேதையாகிவிடும் என்று சொல்பவர்களும் உண்டு. அதற்கும் ஆதாரம் போதாது. அமெரிக்காவில் 9, 10 வயதுள்ள 4,524 பிள்ளைகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட முடிவில், இருமொழி தெரிந்தவர்களுக்குக் கவனக் கட்டுப்பாட்டில் தனிச் சிறப்பு எதுவும் தெரியவில்லை. முதுமையில் நிலைமை வேறாக இருக்கலாம். ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்தில் சுவர்ணா அல்லாடி தலைமையில் 648 மறதிநோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழிகள் பேசியவர்களுக்கு நோய் நாலரை ஆண்டு தாமதமாக வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வேறுபாடு இருந்தது. தெருவிலும் சந்தையிலும் தெலுங்கு, உருது, தக்கினி என்று மாறி மாறிப் பேசி வாழ்ந்தவர்களின் ஊர் அது. பிற நாடுகளில் செய்த சில ஆய்வுகள் இந்தப் பலனைக் காணவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முதலாம் படிவ வாசலில்

பினாங்கில் தமிழ்க்கல்வியின் வரலாறு 1816 அக்டோபர் 21 அன்று தொடங்கிய பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் நடந்த தமிழ் வகுப்பிலிருந்து எழுதப்படுகிறது. இன்று மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. எல்லாமே ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகின்றன. அரசு இடைநிலைப் பள்ளியில் தமிழ் ஒரு பாடம் மட்டுமே. கற்பிக்கும் மொழியாக இல்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஒவ்வொரு தமிழ்ப்பள்ளி மாணவரும் கணிதத்தையும் அறிவியலையும் புதிய மொழியில் எதிர்கொள்கிறார்.

மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெறாதவர்களுக்கு ஓராண்டுப் புகுமுக வகுப்பு உண்டு. அங்கே மலாய்மொழிக்கே முதன்மை. தேர்ச்சி பெற்றவர்கள் நேராக முதலாம் படிவத்துக்குப் போய்விடுகிறார்கள். அவர்களுக்கு எந்த உதவியும் தேவையில்லை என்பது கணிப்பு. மலாயில் நல்ல கட்டுரை எழுதும் பிள்ளைக்குக்கூட பின்னம் ‘பெச்சாஹான்’ என்பதும், பெருக்குவது ‘டாராப்’ என்பதும், பரப்பளவு ‘லுவாஸ்’ என்பதும் கணக்குப் போடும் வேகத்தில் வந்து விழுவதில்லை. அன்றாட மலாய் வேறு, கணித மலாய் வேறு.

முதலாம் படிவத்தின் முதல் சில மாதங்களில் அந்தப் பிள்ளை கை தூக்குவதைக் குறைக்கிறது. தெரிந்த விடையைச் சொல்வதற்குள் பக்கத்து மேசை சொல்லிவிடுகிறது. முதல் சோதனையில் புள்ளிகள் குறைகின்றன. மந்தம், கணிதத்தில் பலவீனம் என்று யாரோ குறித்துக்கொள்கிறார்கள். வீட்டிலோ, தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பியதுதான் தவறோ என்று பெற்றோர் வருந்துகிறார்கள். இரண்டு முடிவுகளும் அந்தப் பிள்ளைக்கு இழைக்கும் அநீதி. ஆறு ஆண்டு உழைப்பில் கற்றது அதன் தலையில் அப்படியே இருக்கிறது. அதை எட்டும் புதிய வழி மட்டும் இன்னும் பழகவில்லை.

பழக்க முடியும். ஆறாம் ஆண்டின் கடைசி மாதங்களில், தமிழில் புரிந்துகொண்ட கணிதக் கருத்துகளுக்கு மலாய்ப் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பழக்கலாம். கணிதம் தமிழிலேயே நடக்கட்டும். கலைச்சொல் மட்டும் இரண்டிலும் ஒலிக்கட்டும். வாய்ப்பாட்டைத் தமிழில் சரளமாகச் சொல்லத் தெரிந்த பிறகு, அதையே மலாயிலும் தனியாக ஒப்புவிக்க வேண்டும். துல்லியமான எண் நினைவு மொழிக்கு மொழி தனியே பதிய வேண்டியிருக்கிறது என்பதால் இந்த உழைப்பைத் தவிர்க்க முடியாது. பெற்றோர் வீட்டில் தமிழில் விளக்குவதை நிறுத்தவேண்டிய அவசியமே இல்லை. புரிதல் ஆழமாக இருந்தால்தான் புதிய பெயர் ஒட்டும்.

இடைநிலைப் பள்ளியின் பங்கு இன்னும் பெரியது. முதலாம் படிவக் கணிதப் பாடநூல் விகிதமுறு எண்களுடன் தொடங்குகிறது. அதில் எதிர் எண்கள் புதியவை. பின்னமும் தசமமும் தமிழ்ப்பள்ளியில் ஏற்கெனவே கற்றவை. கருத்து பழையது, மொழி மட்டும் புதியது என்ற நிலை இதைவிடத் தெளிவாக அமையாது. அந்தப் பாடம் முடியும் வரையிலாவது, தமிழ்ப்பள்ளியிலிருந்தும் சீனப்பள்ளியிலிருந்தும் வந்த பிள்ளைகள் தங்களுக்குள் தாய்மொழியில் கலந்துபேசிவிட்டு விடையை மலாயில் எழுத ஆசிரியர் அனுமதிக்கலாம். பதில் சொல்லச் சில நொடிகள் கூடுதலாகக் கொடுக்கலாம். முதல் சோதனையின் புள்ளிகளை வைத்து வகுப்புப் பிரிப்பதைத் தள்ளிப்போடலாம். மாநிலக் கல்வி இலாகா முனைந்தால், தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டு ஆசிரியர்களையும் அருகிலுள்ள இடைநிலைப் பள்ளிகளின் முதலாம் படிவக் கணித ஆசிரியர்களையும் ஒரே பட்டறையில் உட்காரவைத்து, தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் கணிதக் கலைச்சொற்களைக் கொண்ட சிறு கையேடு ஒன்றை அடுத்த கல்வியாண்டுக்குள் தயாரித்துவிடலாம்.